நாற்பது கிலோமீட்டரில் கடல். அங்கே தங்குவதற்கு எதற்குக் காசு?

கேள்வி: எனக்கு வயது 64. தேவகோட்டையில் இருக்கிறோம். அவுகளுக்கு வங்கிப் பென்ஷன் மாதம் 38,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு 34,000 வரை ஆகும். என் பெயரில் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அவசரத்துக்கு வங்கியில் 3 லட்சம் வைப்பு இருக்கிறது. கடன் எதுவும் இல்லை.

போன மாதம்தான் அவுகளுக்கு எழுபது சாந்தி நடந்தது. வளவு நிறைய ஆள், மூன்று நாள் சமையல், வந்தவர்களை அனுப்பி வைத்தது எல்லாம் சேர்ந்து எனக்கு ஓய்ந்துவிட்டது. நான்கு நாள் எங்காவது கடலோரத்தில், கோயில் குளம் என்று ஓடாமல், சும்மா உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்று ஆசை. அவுக கேட்கிறாக: "தொண்டி நாற்பது கிலோமீட்டர். காலையில் போய்க் கடலைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்துடலாம். ராத்திரி தங்குறதுக்கு எதுக்குக் காசு?" சிங்கப்பூரில் இருக்கும் மகன் அந்தமானுக்கு ஐந்து நாள் பேக்கேஜ், இரண்டு பேருக்கு 1,40,000, தன் கார்டில் தவணையாகப் போட்டுவிடுகிறேன் என்கிறான். இதற்கிடையில் ஒரு ஹாலிடே கிளப்பில் இருந்து தினமும் ஃபோன். 3,60,000 கட்டினால் 25 வருடம் வருடா வருடம் ஒரு வாரம் தங்கலாமாம், ஆண்டுப் பராமரிப்பு 15,000 தனி. சேமிப்புத் திட்டத்தில் இருந்து கொஞ்சம் எடுக்கலாமா? இதற்கெல்லாம் செலவு செய்வது சரிதானா?

பதில்: ஆச்சி, கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். மாதச் செலவு பென்ஷனுக்குள் அடங்குகிறது, மேலே நாலாயிரம் மிஞ்சுகிறது, கடன் இல்லை, அவசரத்துக்கு எட்டு மாதச் செலவுக்கும் மேல் தனியாக இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர் நான்கு நாள் கடலோரம் உட்கார என்னிடம் அனுமதி கேட்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. தாராளமாகப் போய் வாருங்கள். எந்தக் காசில், எப்படிப் போவது என்பதை மட்டும் பார்ப்போம்.

சேமிப்புத் திட்டத்தில் கை வைக்காதீர்கள். அதில் 'கொஞ்சம் எடுப்பது' என்ற வழியே கிடையாது. எடுத்தால் கணக்கை முழுதாக மூட வேண்டும். ஒரு வருடம் முடிந்து இரண்டு வருடத்துக்குள் மூடினால் போட்ட தொகையில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் 15 லட்சத்துக்கு அது 22,500 ரூபாய். கடலைப் பார்க்காமலேயே ஒரு பயணச் செலவு போய்விடும்.

ஆனால் அந்தக் கணக்கு உங்களுக்குச் சும்மா தருவது ஒன்று இருக்கிறது. நீங்கள் தொடங்கியபோது வட்டி 8.2 சதவீதம், ஐந்து வருடத்துக்கும் அதே வட்டிதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் பிறந்ததும் 30,750 ரூபாய் வந்து விழ வேண்டும். பென்ஷனிலேயே வீடு நடப்பதால் அது சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது. ஒரு தவணை வட்டி, ஒரு பயணம். முதலைத் தொட வேண்டாம், மகனிடம் கேட்க வேண்டாம், வைப்பையும் உடைக்க வேண்டாம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பாஸ்புக் நகலையும் அனுப்பியிருந்தீர்கள். அதில் விழுந்திருப்பது 30,750 இல்லை, 27,675. குறைகிற 3,075 எங்கே போனது என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது வட்டியிலேயே முன்கூட்டி வரி, பிடித்திருக்கிறார்கள். மூத்த குடிமக்களுக்கு வருட வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பார்கள் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு ஐம்பதாயிரமாக இருந்தது). உங்களுக்கு வருடத்துக்கு 1,23,000 வருகிறது, அதனால் பிடித்துவிட்டார்கள். உங்களுக்கு வேறு பெரிய வருமானம் இல்லை, ஒரு பைசா வரி வராது. நிதியாண்டு தொடங்கும்போது 'எனக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை' என்று அஞ்சலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். கவுன்டரில் 15எச் (2026 ஏப்ரலில் இருந்து படிவம் 121) என்று கேட்டால் புரியும். வருகிற ஏப்ரல் முதல் வாரம் போய்க் கொடுத்துவிடுங்கள். பிடித்ததைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். நான்கு தவணையும் பிடித்திருந்தால் மொத்தம் 12,300. பாதிப் பயணம் அங்கே சும்மா தூங்குகிறது.

இனி அவுக சொல்வதற்கு வருகிறேன். வங்கியில் வேலை பார்த்தவர், கணக்காகத்தான் கேட்கிறார். அதனால் கணக்கிலேயே பதில் சொல்வோம். தேவகோட்டையில் இருந்து ஒரு நாள் வாடகைக் கார், காத்திருப்பு, டிரைவர் பேட்டா சேர்த்து 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு, டீ, இளநீர் 800. ஒரு முறைக்கு 3,800. நான்கு நாள் கடல் வேண்டும் என்றால் நான்கு முறை, 15,200. இதில் உங்களுக்குக் கிடைப்பது என்ன? கடல் மிக அழகாக இருப்பது விடியலிலும் பொழுது சாயும்போதும். இந்த இரண்டு நேரமும் நீங்கள் காருக்குள் இருப்பீர்கள். கிளம்பும் நாளில் காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறுவது யார் என்று அவுகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கூலி அவர் கணக்கில் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.

அந்தமான் பேக்கேஜின் தாளை அனுப்பியிருந்தீர்கள். ஐந்து நாள், மூன்று ஹோட்டல், நான்கு படகுப் பயணம், இரண்டு விமானம். நல்ல இடம்தான், இளவட்டங்களுக்கு ஏற்றது. ஆனால் நீங்கள் கேட்டது உட்கார. இவர்கள் விற்பது ஓட்டம். பல வருடமாக மற்றவர்களின் பயணக் கணக்கைப் பார்த்து எனக்குத் தெரிந்தது, செலவைக் கூட்டுவது தூரம் மட்டும் இல்லை, இடம் மாறுவதுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வண்டி, ஒரு கூலி, அவசரத்தில் ஒரு அதிக விலைச் சாப்பாடு, பாதி நாள் வீண். நானே ஒருமுறை குடும்பத்தோடு மூன்று நாளில் ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று சுற்றினேன். பெட்ரோலுக்குக் கொடுத்ததில் பாதிகூட அறைக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சின்னவள் கேட்டாள், "அப்பா, நாம குளிச்சது எந்தக் கடல்?" எனக்கே யோசிக்க வேண்டியிருந்தது. மெதுவாகப் போவது சோம்பேறித்தனம் இல்லை ஆச்சி, அதுதான் சிக்கனம்.

மகன் கொடுப்பதை மறுக்க வேண்டாம், பிள்ளை மனசு நோகும். ஆனால் கார்டில் தவணை வேண்டாம். தவணைக்கு வட்டி இல்லை என்பார்கள், செயல்பாட்டுக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். ஒரு மாதம் தவறினால், நம் நாட்டுக் கார்டு என்றால், வட்டி மாதத்துக்கு மூன்று, மூன்றரை சதவீதம் வரை போகும். நம் ஊரில் வட்டிக்குக் கொடுத்தவர்கள்கூட அந்த வட்டியைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். 'போக வர வண்டிக் காசை மட்டும் நீ அனுப்பு' என்று சொல்லுங்கள். அவனுக்கும் திருப்தி.

ஹாலிடே கிளப் விஷயத்தில் எனக்கு ஒளிவு மறைவு இல்லை, வேண்டாம். 3,60,000 ரூபாயை ஏழு சதவீத வைப்பில் போட்டால் வருடம் 25,200 வட்டி. அவர்கள் கேட்கும் பராமரிப்பு 15,000. இரண்டையும் சேர்த்தால் 40,200. அதாவது அந்த 'இலவச' ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு வருடமும் நாற்பதாயிரம் கொடுக்கிறீர்கள். சாப்பாடு தனி, போக்குவரத்து தனி, நீங்கள் கேட்கும் வாரத்தில் இடம் இருந்தால் உண்டு. 25 வருடத் திட்டம் முடியும்போது அவுகளுக்கு 95. நூறு வரை இருக்கட்டும், ஆனால் 95 வயதில் மலைப் பிரதேச ரிசார்ட்டுக்குப் படி ஏறச் சொல்வதா? இப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன். 'பரிசு விழுந்திருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு வாருங்கள்' என்றார்கள். சாப்பாடு அரை மணி நேரம், பேச்சு மூன்று மணி நேரம். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் தள்ளுபடி என்று எவர் சொன்னாலும் செருப்பைத் தேடிக் கிளம்பிவிடுங்கள்.

சரி, எங்கே போவது? நம் பக்கத்துக் கடல் பாக் நீரிணை. ஆழம் குறைவு, அலையும் குறைவு. ராமேஸ்வரம் பக்கத்தில் இந்தக் கடலைப் பெண்கடல் என்றும், தனுஷ்கோடிக்குத் தெற்கே சீறுவதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். மெரினா மாதிரி அலை வந்து காலை நனைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். குளத்தங்கரை மாதிரி இருக்கும். ஆழம் குறைவாக இருப்பதால்தான் அடியில் வெயில் இறங்கிக் கடற்புல் வளர்கிறது. அதை மேய வரும் கடல்பசுவுக்காக 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். மூட்டு வலியோடு நாற்காலி போட்டு உட்கார நினைப்பவருக்கு இந்த அமைதியான கடலே தோது.

இரண்டு பக்கம் சொல்லலாம். வடக்கே மல்லிப்பட்டினம், மனோரா. நெப்போலியன் தோற்ற செய்தியைக் கொண்டாட சரபோஜி மன்னர் 1814-15ல் கட்டிய கோபுரம் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, பட்டுக்கோட்டைப் பக்கம். தெற்கே தொண்டியும் அதற்குக் கீழே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் ஊர்களும். உங்களுக்கு நான் சொல்வது தெற்கு. திருவாடானை வழியாக ஒரு மணி நேரச் சொச்சத்தில் போய்விடலாம், ஏதாவது ஒன்று என்றால் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடலை ஒட்டியே தங்கும் இடம் இந்தக் கரையில் குறைவு. அதனால் இரண்டு மூன்று இடத்துக்குப் ஃபோன் செய்து விசாரித்து, ஒன்றில் மட்டும் நான்கு ராத்திரியும் பேசி முடியுங்கள். ஒரே ஆள் நான்கு ராத்திரி தங்குகிறேன் என்றால், அதுவும் திங்கள் முதல் வெள்ளி வரை என்றால், விலை பேச உங்களுக்கு உரிமை உண்டு. பேசுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

மாசி மாதம் நல்லது. மழைக்காலம் முடிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, பரீட்சை நெருங்குவதால் குடும்பக் கூட்டமும் இருக்காது. தை அமாவாசை, ஆடி அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள். தேவிபட்டினத்தில் தர்ப்பணக் கூட்டம், அறை விலை ஏறிவிடும். ஏப்ரல் 15ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, மீன் விலை கடிக்கும். நல்ல மீனைச் சாப்பிடக் கடலுக்குப் போய் ஐஸ் மீனை வாங்கிய கதை ஆகிவிடும்.

இப்போது கணக்கு. நான் வைத்துக்கொள்ளும் தொகைகளை உங்கள் விசாரிப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அறை ஒரு ராத்திரிக்கு 2,500, நான்குக்கு 10,000. 7,500 வரையிலான அறைக்கு இப்போது ஜிஎஸ்டி ஐந்து சதவீதம்தான் (2025 செப்டம்பர் 22க்கு முன் பன்னிரண்டு), ஆக 10,500. யாராவது பழைய கணக்கில் பன்னிரண்டு போட்டால் கேளுங்கள். கார் கொண்டுபோய் விட ஒருமுறை, அழைத்துவர ஒருமுறை, 5,000. காரை அங்கேயே நிறுத்தி வைக்காதீர்கள். டிரைவருக்குத் தினமும் பேட்டா ஏறும், அதைவிட முக்கியம், வாசலில் கார் நின்றால் அவுகளுக்கு எங்காவது போகத் தோன்றும். சாப்பாடு இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 1,200, ஐந்து நாளைக்கு 6,000. ஆட்டோ, படகு, சில்லறை 2,500. கை இருப்பு 3,000.

இதுவரை 27,000. உங்கள் கடிதத்தில் இல்லாத, நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் மறக்கிற ஒரு செலவு இருக்கிறது. வீடு. முகப்பில் இருந்து பின்கட்டு வரை ஒரு தெருவே அடங்குகிற வீட்டை நான்கு ராத்திரி பூட்டிப் போடக் கூடாது. நம்பிக்கையான ஆள் படுத்துக்கொள்ள ராத்திரிக்கு 500, மொத்தம் 2,000. சாந்திக்கு லாக்கரில் இருந்து எடுத்த நகைகள் இன்னும் வீட்டில் இருந்தால், போவதற்கு முன்னால் திரும்ப வைத்துவிடுங்கள். ஆக 29,000. வந்த வட்டி 27,675, குறைகிறது 1,325. அந்த டிடிஎஸ் பிடிக்காமல் இருந்திருந்தால் முழுப் பயணமும் வட்டியிலேயே முடிந்து மேலே 1,750 மிஞ்சியிருக்கும். இப்போதைக்குச் சேமிப்புக் கணக்கில் இருந்து போட்டுக்கொள்ளுங்கள். வண்டிக் காசை மகன் அனுப்பினால் அந்தக் குறையும் இல்லை.

பேருந்தில் போனால் வண்டிச் செலவில் பெரும்பகுதி மிஞ்சும் என்று எனக்கும் தெரியும். இந்த முறை வேண்டாம். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை. அறையிலும் வேண்டாம். தரைத்தளம், மேற்கத்தியக் கழிப்பறை, கரண்ட் போனால் மின்விசிறி ஓட ஏற்பாடு, வாசலில் கடலைப் பார்த்து இரண்டு நாற்காலி. இந்த நான்கும் இருந்தால் ஐந்நூறு கூடக் கொடுக்கலாம். ஏசி, டிவி, காலை இலவச பஃபே எல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத விலை. அழகான கட்டடம் வேண்டும் என்று தேடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் உட்கார வெளிநாட்டுக்காரர்கள் ஒரு ராத்திரிக்குப் பல ஆயிரம் கொடுத்துக் கானாடுகாத்தான் வருகிறார்கள். நீங்கள் அதிலேயே குடியிருக்கிறீர்கள்.

அங்கே போய் என்ன செய்வது என்று அவுக கேட்பார். ஒரு நாளைக்கு ஒரு காரியம், அதற்கு மேல் வேண்டாம். காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். அதற்குக் கொடுக்கும் காசு அந்த ஊரிலேயே நிற்கிறது, மனசாரக் கொடுக்கலாம். இன்னொரு நாள் தேவிபட்டினம். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லை ராமர் வைத்தது என்று சொல்வார்கள், நடைபாதை இருக்கிறது, மெதுவாக நடந்து வரலாம். போகும் வழியிலோ வரும் வழியிலோ திருவாடானையில் சம்பந்தர் பாடிய கோயிலில் கால் மணி நேரம். ஓரியூர், ராமேஸ்வரம் எல்லாம் இந்த முறை பட்டியலில் இல்லை. கை நீட்டும் தூரம்தானே என்று அவுக சொல்வார். அப்படிச் சொல்லித்தான் நானும் கன்னியாகுமரி வரை போனேன்.

சாப்பாட்டில் ஒரு உள்ளூர் விஷயம். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும், மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்று முறை வைத்திருக்கிறார்கள். நாட்டுப்படகு கரை திரும்பும் காலையில் மீன் அன்று பிடித்ததாக இருக்கும், அளவு கொஞ்சமாக இருக்கும், பேரம் பேச ஆள் குறைவு. நீலக்கால் நண்டோ, பாரையோ, காரலோ வாங்கிப் பக்கத்து மெஸ்ஸில் கொடுத்தால் சமையல் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு செய்து தருவார்களா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். நான்கு நாளும் நீங்கள் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. 1,200 வைத்தது அதற்காகத்தான்.

அடுத்த வருடத்துக்கும் இப்போதே ஒரு வழி செய்யுங்கள். அந்தக் காலத்தில் நம் கடைக் கணக்குகளில் லாபம் பிரிக்கும் முன்பே மகமை என்று கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவார்கள். மிஞ்சினால் பார்ப்போம் என்று விடவில்லை. உங்கள் மாமனார் காலத்துப் பேரேடு வீட்டில் கிடந்தால் புரட்டிப் பாருங்கள், இருக்கும். அதே மாதிரி வங்கியில் ஒரு வருடத் தொடர் வைப்பு, மாதம் 2,500. வருடம் முடியும்போது முப்பதாயிரமும் வட்டி ஆயிரத்துச் சொச்சமும் கையில் இருக்கும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்து வருடம் என்பதால் இதற்குச் சரிவராது. வங்கித் தொடர் வைப்பின் பாஸ்புக் மேல் 'கடல்' என்று எழுதி வையுங்கள். வேறு செலவுக்கு அதில் கை வைக்க யாருக்கும் மனசு வராது.

அப்புறம், அவுகளைச் சம்மதிக்க வைப்பது. 15,200க்கும் 29,000க்கும் உள்ள வித்தியாசம் 13,800. நான்கு ராத்திரிக்குப் பங்கிட்டால் ராத்திரிக்கு 3,450. இந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் இருங்கள். வங்கிக்காரர், கூட்டல் சரியா என்று முதலில் பார்ப்பார். அப்புறம் மீன் ஏலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். விடிகாலையில் கரையில் நின்று ஒரு கூடை எவ்வளவுக்குப் போகிறது, வியாபாரி எவ்வளவு வைத்து விற்பார் என்று கணக்குப் போட அவருக்கு நான்கு நாளும் வேலை இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். ஃபோனில் அறை பேசும்போது அந்த இரண்டு நாற்காலியை மட்டும் மறக்காமல் கேளுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் என்று சொன்னால் அடுத்த நம்பரைப் போடுங்கள்.